அமெரிக்க உள்நாட்டுப் போர்: கடல் முற்றுகை வென்றதா, துறைமுகங்களைப் பறித்தது வென்றதா?

அலைவாய் எழுதியது:

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடற்பகுதியைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் 1862 மார்ச் 9-க்குத் தாவிவிடுகிறார்கள். வர்ஜீனியாக் கரையின் ஹாம்ப்டன் ரோட்ஸில் வடக்கின் மானிட்டர் கப்பலும் தெற்கின் வர்ஜீனியா கப்பலும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் மோதின, இரண்டுமே மூழ்கவில்லை, இரும்புக் கவசக் கப்பல்களின் காலம் பிறந்தது என்று கதை அங்கேயே நின்றுவிடுகிறது. தெற்கின் கழுத்தில் கயிறு விழுந்த நாள் அதற்கு நான்கு மாதம் முந்தியது என்பது என் உறுதியான கருத்து. 1861 நவம்பர் 7, தென் கரோலினாவின் போர்ட் ராயல்.

முதலில் வடக்கின் நிலையைப் பாருங்கள். 1861 ஏப்ரல் 19 அன்று வடக்கின் அதிபர் லிங்கன், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் துறைமுகங்களுக்குக் கடல் முற்றுகையை அறிவித்தார். சில நாட்களில் வர்ஜீனியா, வட கரோலினா மாநிலங்களையும் அதில் சேர்த்தார். காவல் காக்க வேண்டிய கரை 3,500 மைல். கடற்படைப் பட்டியலில் 90 கப்பல்கள் இருந்தன. பணியில் இருந்தவை 42. அவற்றிலும் பல தொலைதூரக் கடல்களில் கிடந்தன. போதாக்குறைக்கு வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் கப்பல் தளத்தை வடவர்கள் அரைகுறையாகக் கொளுத்திவிட்டு வெளியேறியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீரங்கிகள் தெற்கின் கைக்குப் போயின. 1856-ன் பாரிஸ் பிரகடனப்படி வெறும் அறிவிப்பு முற்றுகை ஆகாது. வாசலில் உண்மையிலேயே கப்பல் நிற்க வேண்டும். பிரிட்டன் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தது.

கப்பல் வாங்கலாம், கட்டலாம். வடக்கு இரண்டையும் செய்தது. ஆனால் நீராவிக் கப்பலுக்குக் கரி வேண்டுமே! எந்த நேரத்தில் எதிரிக் கப்பல் பாய்ந்து வரும் என்று தெரியாததால், நங்கூரமிட்டு நிற்கும்போதும் கொதிகலனில் நெருப்பு அணையக் கூடாது. தென் கரோலினாவின் சார்லஸ்டன் துறைமுக வாசலில் நிற்கும் கப்பல் கரி தீர்ந்ததும் காவலை விட்டுவிட்டு நூற்றுக்கணக்கான மைல் வடக்கே போய்த் திரும்ப வேண்டும்.

இதற்கு வழி கண்டவர்கள் நால்வர். 1861 ஜூனில் கூடிய அந்தக் குழுவுக்குக் கடற்படை அதிகாரி சாமுவேல் டூபாண்ட் தலைவர். கடற்கரை அளவைத் துறையின் அலெக்சாண்டர் பாச், இராணுவப் பொறியாளர் ஜான் பர்னார்ட், கடற்படையின் சார்லஸ் டேவிஸ் ஆகியோர் மற்ற மூவர். பாச்சின் துறை பல ஆண்டுகளாகக் கயிறும் ஈயக் குண்டும் கொண்டு ஒவ்வொரு முகத்துவாரத்தின் ஆழத்தையும் அளந்து வைத்திருந்தது. எந்த மணல்திட்டைத் தாண்ட எத்தனை அடி தண்ணீர் வேண்டும் என்பது அவர்கள் மேசைமேல் இருந்தது. எதிரியின் கரையிலேயே ஒரு ஆழமான துறைமுகத்தைப் பிடித்து அதைத் தளமாக்கிக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள்.

அதைத்தான் டூபாண்ட் நவம்பரில் செய்துகாட்டினார். வழியில் புயல் அவருடைய பெரும் கப்பல் கூட்டத்தைச் சிதறடித்தது. மீண்டும் ஒன்றுசேர்ந்து முகத்துவாரத்தை அடைந்தபோது இருபுறமும் வாக்கர், போரிகார்ட் என்று இரண்டு கோட்டைகள். கப்பல்கள் நங்கூரமிட்டுச் சுடவில்லை. நீள்வட்டமாகச் சுற்றிக்கொண்டே, ஒவ்வொரு சுற்றிலும் கோட்டையை நெருங்கிச் சுட்டன. ஓடும் இலக்கைக் கோட்டைப் பீரங்கிகளால் குறிபார்க்க முடியவில்லை. பிற்பகலில் கோட்டைகள் காலி. அங்கே தெற்கின் படைக்குத் தலைமை தாங்கியவர் தாமஸ் டிரேட்டன். சுட்ட கப்பல்களில் ஒன்றான பொகஹோன்டாஸின் தலைவர் அவருடைய உடன்பிறந்த தம்பி பெர்சிவல் டிரேட்டன். உள்நாட்டுப் போர் என்றால் என்ன என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அதன் பிறகு போர்ட் ராயலில் கரி குவிந்தது. பழைய திமிங்கில வேட்டைக் கப்பல்களை மிதக்கும் பட்டறையாக மாற்றினார்கள். சார்லஸ்டனும் ஜார்ஜியாவின் சவன்னா துறைமுகமும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தன. முற்றுகை உண்மையான முற்றுகையானது அன்றுதான். நண்பர்களின் மறுப்பை எதிர்பார்க்கிறேன்.

தேரிமணல் எழுதியது:

அலைவாய் ஐயா, போர்ட் ராயல் பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால் அடிப்படையிலேயே எனக்கு உடன்பாடில்லை. இந்த முற்றுகை கடைசிவரை ஓட்டைதான்.

கணக்கைப் பாருங்கள். முற்றுகையை மீறி ஓடிய நீராவிக் கப்பல்கள் ஏறத்தாழ 300. அவை செய்த முயற்சிகள் ஏறத்தாழ 1,300. அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வெற்றி. தெற்கின் வீரன் தோளில் தொங்கிய துப்பாக்கிகளில் பாதிக்கும் மேல் இப்படி வெளியிலிருந்து வந்தவைதான். நான்கில் மூன்று கப்பல் தப்பிப் போகும்போது அதை எப்படி வெற்றி என்கிறோம்?

கிளைட் நதிக்கரைப் பட்டறைகளில் இதற்கென்றே கப்பல் கட்டினார்கள். நீளமான, ஒல்லியான உடல். பக்கத்துக்கு ஒரு துடுப்புச் சக்கரம். மடக்கி வைக்கக்கூடிய புகைபோக்கி. கடல் மங்கலோடு கலந்துவிடும் சாம்பல் நிறப் பூச்சு. புகை தெரியாமல் இருக்க ஆந்த்ரசைட் கரி. பஹாமாஸின் நசாவிலிருந்தோ பெர்முடாவிலிருந்தோ கிளம்பி, நிலவில்லாத இரவாகப் பார்த்து, கரையை ஒட்டியே வருவார்கள். விளக்கு கிடையாது. எந்திர அறைத் திறப்பின்மேல் தார்ப்பாய். யாரும் சுருட்டுப் பற்றவைக்கக் கூடாது. மிஞ்சிய நீராவியைத் தண்ணீருக்கு அடியில் வெளியேற்றுவார்கள். சக்கரத்தின் ஓசையைக் கரையில் உடையும் அலையின் இரைச்சல் விழுங்கிவிடும். காவல் கப்பலுக்குச் சில நூறு கெஜம் தள்ளிப் போனாலும் அங்கிருப்பவனுக்குத் தெரியாது.

தெற்கின் தளபதி லீ சரணடைந்தது வடக்கின் தளபதி கிராண்ட் அவரை விடாமல் துரத்தியதால். கடற்படை துணைப் பாத்திரம்தான்.

கலங்கரை எழுதியது:

தேரிமணல் தம்பி, நீங்கள் சொன்ன எண்கள் சரி. ஆனால் அவை உள்ளே வந்த கப்பல்களின் கணக்கு. வராமலே போன கப்பல்களை யார் எண்ணுவது?

போருக்கு முன் தெற்கிலிருந்து ஆண்டுக்கு முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பருத்திப் பொதிகள் கடல் கடந்தன. பெரிய, மெதுவான, வயிறு அகன்ற பாய்மரக் கப்பல்கள் அவற்றைச் சுமந்தன. முற்றுகை வந்ததும் அந்தக் கப்பல்கள் முயற்சிகூடச் செய்யவில்லை. காப்பீடு கிடைக்காது, தலைவர் துணியமாட்டார், அவ்வளவுதான். மிஞ்சியது உங்கள் ஒல்லிக் கப்பல்கள். வேகத்துக்காகச் சரக்கறையைக் குறுக்கிக் கட்டப்பட்டவை அவை. போரின் கடைசி மூன்று ஆண்டுகளில் ஏற்றுமதி முன்பிருந்ததில் மிகச் சிறு பங்காகச் சுருங்கியது. பணம் வருவதற்குத் தெற்கிடம் வேறு சரக்கும் இல்லை.

இன்னொன்று. உள்ளே வந்ததெல்லாம் துப்பாக்கி என்று நினைத்துவிடாதீர்கள். கப்பல் முதலாளிக்கு எதில் லாபம் கூடுதலோ அதுதான் சரக்கறையில் ஏறும்: பிராந்தி, பட்டு, வாசனைப் பொருள். எடை மிகுந்த தண்டவாளத்தை யார் ஏற்றுவார்? 1864 தொடக்கத்தில்தான் ஆடம்பரப் பொருளுக்குத் தடை போட்டு, சரக்கறையில் பாதி அரசுக்கு என்று தெற்கு சட்டம் செய்தது. மூன்று ஆண்டு கழித்து! அதற்குள் தேய்ந்த தண்டவாளங்களுக்கு மாற்று இல்லாமல் கிளை ரயில் பாதைகளைப் பெயர்த்து முதன்மைப் பாதைகளில் பதித்துக்கொண்டிருந்தார்கள். கடலோரமாகப் படகில் போய்க்கொண்டிருந்த தானியமும் உப்பும் ரயிலின் தலையில் விழுந்தன. ஒரு மாநிலத்தில் சோளம் மிஞ்சிக் கிடக்க, தலைநகர் ரிச்மண்டில் 1863 ஏப்ரல் 2 அன்று பெண்கள் ரொட்டிக்காகக் கடைகளை உடைத்தார்கள்.

உப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குளிர்சாதனம் இல்லாத காலம். பன்றி இறைச்சியை உப்பில் ஊறவைக்காவிட்டால் படைக்கு உணவில்லை. தோல் பதனிட உப்பு, குதிரைக்கு உப்பு. போருக்கு முன் அதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது. கப்பல் நின்றதும் ஃபுளோரிடாக் கரை நெடுக உப்புக் காய்ச்சத் தொடங்கினார்கள். நம் தூத்துக்குடிபோல் பாத்தி கட்டி வெயிலில் விடுவதில்லை. பெரிய இரும்புக் கொப்பரைகளில் கடல்நீரை ஊற்றி, இரவும் பகலும் விறகு எரித்துக் காய்ச்சுவார்கள். கொப்பரை கிடைக்காதவர்கள் பழைய நீராவிக் கொதிகலனை நெடுக்காகப் பிளந்து அடுப்பின்மேல் வைத்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவில் அப்படிப்பட்ட அடுப்புகள் வரிசையாக எரிந்தன. இரவில் அந்த வெளிச்சமே காட்டிக்கொடுத்துவிடும். வடக்கின் கடற்படையினர் படகில் வந்திறங்கி, கொப்பரைகளைச் சம்மட்டியால் உடைத்து, காய்ச்சி வைத்த உப்பை மணலில் கொட்டிக் கலந்துவிட்டுப் போவார்கள். சில வாரத்தில் மீண்டும் அடுப்பு மூட்டப்படும், மீண்டும் படகு வரும். எந்தப் போர் வரலாற்றிலும் இதற்கு நான்கு வரிக்கு மேல் இடமில்லை. வீட்டில் உப்பு இல்லாத குடும்பத்துக்கு இதுதான் போர்.

பழைய வரைபடம் எழுதியது:

ஹாம்ப்டன் ரோட்ஸை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மார்ச் 8 அன்று வர்ஜீனியா ஒரே பிற்பகலில் கம்பர்லேண்டை மூழ்கடித்து, காங்கிரஸைக் கொளுத்தியது. மறுநாள் மானிட்டர் வந்திருக்காவிட்டால் மின்னசோட்டாவும் போயிருக்கும். முற்றுகைக் கப்பல்கள் கரி ஏற்றும் பெரிய தளம் அதுதானே? அது விழுந்திருந்தால் அலைவாய் சொல்லும் போர்ட் ராயல் தெற்கே தனித்துத் தொங்கியிருக்கும்.

ஆனால் அதன் முடிவையும் பாருங்கள். மே மாதம் நார்ஃபோக்கை வடக்கின் தரைப்படை பிடித்தது. வர்ஜீனியாவுக்குத் தங்க இடமில்லை. ஆற்றில் மேலே ஏறத் தண்ணீர் ஆழமில்லை. மே 11 அன்று அதன் ஆட்களே அதைக் கொளுத்தினார்கள். துறைமுகம் போனதால் அந்தக் கப்பல் செத்தது என்பதில் அலைவாயோடு நான் உடன்படுகிறேன்.

கூடவே புலாஸ்கி கோட்டை. சவன்னா ஆற்றின் வாயில் தடித்த செங்கல் சுவர். எதிரே டைபீ தீவு ஒரு மைலுக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து சுட்டு இந்தச் சுவரை உடைக்க முடியாது என்றே அன்றைய இராணுவப் பொறியாளர்கள் நம்பினார்கள். ராபர்ட் லீயும் அவர்களில் ஒருவர். 1862 ஏப்ரல் 10, 11 தேதிகளில் வடக்கின் குயின்சி கில்மோர் அங்கிருந்தே சுட்டார். குழலுக்குள் சுருள் வரி வெட்டிய புதுப் பீரங்கிகள் ஏறத்தாழ முப்பது மணி நேரத்தில் சுவரைத் துளைத்தன. வெடிமருந்து அறைக்கே குண்டு போகத் தொடங்கியதும் கோட்டை பணிந்தது. பல ஆண்டு உழைப்பில் எழுந்த கடற்கரைக் கோட்டைகள் எல்லாம் அந்த இரண்டு நாளில் பழசாகிவிட்டன.

தேரிமணல் எழுதியது:

கலங்கரை அண்ணா, உப்பு விஷயம் என்னைச் சிந்திக்க வைத்தது. ஆனால் கடற்படை தனியாகத் துறைமுகத்தைப் பறித்துவிடும் என்ற எண்ணத்தை நான் ஏற்கமாட்டேன்.

நியூ ஆர்லியன்ஸ் விழுந்தது உண்மை. 1862 ஏப்ரல் 24 அதிகாலையில் வடக்கின் கடற்படைத் தலைவர் ஃபேரகட் இரண்டு கோட்டைகளின் நடுவே, ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய சங்கிலித் தடையைத் தாண்டி, எரியும் தெப்பங்களுக்கு ஊடாகப் புகுந்து போனார். தெற்கின் மிகப் பெரிய நகரம் ஒரு வாரத்துக்குள் வடக்கின் கையில். ஆனால் அந்த நகரத்தின் படையைப் பெரும்பாலும் வடக்கே டென்னசியின் ஷைலோ போர்க்களப் பக்கம் அனுப்பிவிட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சார்லஸ்டனைப் பாருங்கள். 1863 ஏப்ரல் 7: அதே டூபாண்ட், ஒன்பது இரும்புக் கவசக் கப்பல்கள். அவை சுட்டது ஏறத்தாழ 150 குண்டு. கோட்டைகள் சுட்டது 2,000-க்கும் மேல். கியோகக் கப்பலில் மட்டும் ஏறத்தாழ 90 குண்டுகள் பட்டன. மறுநாள் காலை மூழ்கியது. தெற்கின் ஆட்கள் இரவு இரவாகப் படகில் போய், மூழ்கிக் கிடந்த அந்தக் கப்பலின் இரண்டு பெரிய பீரங்கிகளையும் கழற்றி எடுத்துவந்து தங்கள் கோட்டையிலேயே நிறுத்திவிட்டார்கள். டூபாண்ட் பதவி இழந்தார். அடுத்து டால்கிரென் வந்தார். ஜூலை 18 அன்று வாக்னர் கோட்டைமேல் வடக்கின் 54-ஆவது மாசச்சூசெட்ஸ் கறுப்பினப் படை ஏறி இரத்தம் சிந்தியது. சம்ட்டர் கோட்டை செங்கல் குவியலாகியும் விழவில்லை. 1865 பிப்ரவரியில் வடக்கின் தளபதி ஷெர்மனின் தரைப்படை பின்புறமாக நெருங்கியபோதுதான் சார்லஸ்டனைக் காலி செய்தார்கள்.

டெக்சாஸில் சபீன் வாயில் 1863 செப்டம்பர் 8 அன்று தெற்கின் ஐம்பதுக்கும் குறைவான ஆட்கள், பெரும்பாலும் ஐரிஷ்காரர்கள், ஒரு மண் கோட்டையில் இருந்துகொண்டு இரண்டு பீரங்கிப் படகுகளையே பிடித்தார்கள். குறுகலான வாய்க்காலில் குறிக்கம்பு நட்டு முன்கூட்டியே சுட்டுப் பழகியிருந்தார்கள். கடற்படை கரையை நெருங்கினாலே வெற்றி என்பது போர்ட் ராயல் தந்த மயக்கம்.

நெய்தல்மகள் எழுதியது:

எல்லோரும் கப்பலையும் கோட்டையையும் பேசுகிறீர்கள். அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் இந்த இழையில் இன்னும் வரவில்லை.

போர்ட் ராயலில் பீரங்கி முழங்கியதும் தோட்ட முதலாளிகள் குடும்பத்தோடு உள்நாட்டுக்கு ஓடினார்கள். தங்களோடு வரச் சொல்லி அடிமைகளை மிரட்டினார்கள். ஏறத்தாழ 10,000 பேர் போக மறுத்துத் தீவுகளிலேயே தங்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டே செயின்ட் ஹெலினா தீவில் அவர்களுக்குப் பள்ளி தொடங்கியது. அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதே குற்றமாக இருந்த மாநிலம் அது!

கடலோடிகளாகவும் அவர்களே இருந்தார்கள். அந்த ஓடைகளில் எங்கே மணல் ஏறியிருக்கிறது, ஓதம் எந்த நேரத்தில் திரும்பும் என்பது பாச்சின் வரைபடத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ராபர்ட் ஸ்மால்ஸ் அப்படிப்பட்ட ஒருவர். அடிமை, பிளான்டர் என்ற நீராவிக் கப்பலின் சுக்கானைப் பிடிப்பவர். 1862 மே 13 பின்னிரவு. வெள்ளை அதிகாரிகள் மூவரும் விதியை மீறிக் கரையில் உறங்கப் போயிருந்தார்கள். ஸ்மால்ஸும் மற்ற ஊழியர்களும் கொதிகலனை மூட்டி, கொடியை வழக்கம்போல் ஏற்றி, வேறொரு துறையில் காத்திருந்த மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். மொத்தம் 16 பேர். வழியில் கோட்டைகள். ஸ்மால்ஸ் கப்பல் தலைவரின் வைக்கோல் தொப்பியை அணிந்து, அவர் நிற்கும் பாணியிலேயே நின்றார். ஒவ்வொரு கோட்டையின் முன்னும் சரியான ஊதல் சைகை கொடுத்தார். சம்ட்டரைக் கடக்கும்போது விடியத் தொடங்கியிருந்தது. வேகத்தைக் கூட்டினால் சந்தேகம் வரும். எப்போதும்போல் மெதுவாகவே போனார்கள். பீரங்கியின் எல்லையைத் தாண்டிய பிறகுதான் கொடியை இறக்கி, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். வடக்கின் ஆன்வர்ட் கப்பல் சுடத் தயாராகிவிட்டது. விரிப்பைக் கண்டு நிறுத்தியது.

பிடிபட்டால் என்ன நடக்கும் என்று அந்த 16 பேருக்கும் தெரியும். பெண்கள், குழந்தைகள் உட்பட.

கப்பலோடு நான்கு பீரங்கிகளும் சைகைக் குறிப்புகளும் கோட்டைகளின் நிலவரமும் டூபாண்டிடம் சேர்ந்தன. தேரிமணல் சொன்ன கியோகக் கப்பலைச் சார்லஸ்டன் தாக்குதலில் வழிநடத்தியவரும் இதே ஸ்மால்ஸ்தான். போருக்குப் பின் நாடாளுமன்ற உறுப்பினரானார். தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் போஃபர்ட் வீட்டையே விலைக்கு வாங்கினார். போர் முழுவதும் வடக்கின் கடற்படையில் ஏறத்தாழ 18,000 கறுப்பின மாலுமிகள் இருந்தார்கள். தரைப்படை அவர்களைச் சேர்க்கத் தயங்கிக்கொண்டிருந்த 1861 செப்டம்பரிலேயே கடற்படை சேர்த்துக்கொண்டது.

துறைமுகம் விழுந்த இடத்தில் அடிமை முறையும் விழுந்தது. என் பார்வையில் இதுதான் அந்தக் கடற்போரின் பெரிய விளைவு.

கரிசல்காட்டான் எழுதியது:

நம் பக்கத்துக்கு இருந்த தொடர்பையும் பதிவு செய்துவிடுகிறேன்.

அமெரிக்கப் பருத்தி நின்றதும் லிவர்பூல் சந்தையில் விலை பறந்தது. போருக்கு முன் பவுண்டு ஏறத்தாழ 7 பென்ஸ். 1864-ல் 25 பென்ஸையும் தாண்டியது. லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டு லட்சக்கணக்கான தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். வணிகர்கள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். பம்பாய்க்குத்தான் பெரும் பங்கு. ஆனால் தூத்துக்குடி வழியாகப் போன திருநெல்வேலிப் பருத்திக்கும் அந்தச் சந்தையில் தனிப்பெயர் இருந்தது. கரிசல் நிலத்தில் பருத்தி பரவியது. 1865-ல் லீ சரணடைந்ததும் விலை சரிந்தது; பம்பாயில் பங்கு வணிகமே குப்புற விழுந்தது. சார்லஸ்டன் வாசலில் கப்பல் நின்றதற்கு இங்கே உழவன் விலை கொடுத்தான்.

வெடியுப்பு இன்னொன்று. வடக்கின் வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து, குறிப்பாகப் பீகார் பக்கமிருந்து லண்டன் வழியாகப் போனது. 1861 நவம்பரில் டிரென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலிலிருந்து தெற்கின் தூதர்கள் இருவரை வடக்கு பிடித்திறக்கியபோது, பிரிட்டன் முதலில் செய்த காரியங்களில் ஒன்று வெடியுப்பு ஏற்றுமதியைத் தடுத்தது. தூதர்களை விடுவித்த பிறகே தடை நீங்கியது. அந்த நேரத்தில் லண்டனில் வெடியுப்பு வாங்கிக்கொண்டிருந்தவர் வெடிமருந்து ஆலை நடத்திய டூபாண்ட் குடும்பத்து லாமட். போர்ட் ராயலை வென்ற டூபாண்டும் அந்தக் குடும்பமே.

கடைசியாகத் தெற்கின் அலபாமா. இங்கிலாந்தின் பிர்க்கன்ஹெட்டில் கட்டி, 1862 ஜூலையில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் கண்ணில் மண்ணைத் தூவி வெளியேறிய கப்பல். தலைவர் ராஃபேல் செம்ஸ். தெற்கால் முற்றுகையை உடைக்க முடியவில்லை. அதனால் வடக்கின் வணிகக் கப்பல்களை உலகெங்கும் வேட்டையாடுவது என்று கிளம்பினார்கள். மொத்தம் 65 அளவில் பிடித்தது அது. 1863 டிசம்பரில் சிங்கப்பூர் வந்து, மலாக்கா நீரிணையில் பர்மாவின் மோல்மீன் அரிசி ஏற்றிய கப்பல் உட்பட மூன்றைக் கொளுத்திவிட்டு வங்கக் கடல் வழியே மேற்கே வந்தது. 1864 ஜனவரி 14 அன்று மலபார்க் கரைக்கு அப்பால் எம்மா ஜேன் என்ற அமெரிக்கக் கப்பலை எரித்தது. அதிலிருந்த மாலுமிகளைத் திருவிதாங்கூர்க் கரையின் அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுப் போனார் செம்ஸ். கொல்லத்துக்குத் தெற்கே இன்றும் கோட்டை நிற்கும் அதே ஊர். ஜூன் 19 அன்று பிரான்சின் ஷெர்பூர்க் அருகே வடக்கின் கியர்சார்ஜ் அலபாமாவை மூழ்கடித்தது. அதைக் கட்ட அனுமதித்ததற்காகவும் அதுபோன்ற பிற கப்பல்களுக்காகவும் 1872-ல் ஜெனீவா நடுவர் மன்றத் தீர்ப்பின்படி பிரிட்டன் 1.55 கோடி டாலர் கட்டியது.

இளந்துடுப்பு எழுதியது:

இழையை முழுவதும் படித்தேன், நன்றி. தண்ணீருக்கு அடியில் சென்ற கப்பலும் இந்தப் போரில்தானே? அது ஏன் முற்றுகையை உடைக்கவில்லை?

பழைய வரைபடம் எழுதியது:

இளந்துடுப்பு தம்பிக்கு: அதன் பெயர் ஹன்லி, தெற்கின் நீர்மூழ்கி. எட்டுப் பேர், ஏழு பேர் வளைந்த ஒரு நீளக் கம்பியைக் கையால் சுற்ற வேண்டும், ஒருவர் செலுத்துவார். உள்ளே நிமிர்ந்து உட்காரக்கூட உயரம் போதாது. வெளிச்சம் ஒரு மெழுகுவத்திதான். சோதனையிலேயே இரண்டு முறை மூழ்கி 13 பேரைக் கொன்றது, கண்டுபிடிப்போடு தொடர்புடைய ஹன்லி என்ற மனிதரும் அவர்களில் ஒருவர். 1864 பிப்ரவரி 17 இரவு, நீண்ட கழியின் நுனியில் வெடிமருந்தைக் கட்டிச் சார்லஸ்டனுக்கு வெளியே ஹவுசடானிக் கப்பலில் மோதி அதை மூழ்கடித்தது. ஹன்லியும் திரும்பவில்லை. 2000 ஆகஸ்டில் அதைக் கடலடியிலிருந்து தூக்கியபோது எட்டுப் பேரின் எலும்புகளும் அவரவர் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு காவல் கப்பல் போனால் அடுத்த வாரம் இன்னொன்று அந்த இடத்தில் நிற்கும். எட்டுப் பேருக்கு ஒரு கப்பல் என்ற கணக்கு தெற்குக்குக் கட்டுப்படியாகவில்லை.

கண்ணிவெடிகள்தான் உண்மையான ஆபத்து. 1864 ஆகஸ்ட் 5 அன்று மொபைல் விரிகுடாவில் வடக்கின் டெகம்சே கப்பல் ஒரு கண்ணியில் பட்டுச் சில நிமிடத்தில் 90-க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. பின்னால் வந்த வரிசை தயங்கி நின்றது. ஃபேரகட் தன் கப்பலை முன்னால் செலுத்தி அதே கண்ணிகளின் மேலேயே போனார். அடியில் கண்ணிகள் உரசும் சத்தம் கேட்டதாம். பல மாதம் உப்புநீரில் கிடந்து மருந்து நனைந்திருந்ததால் அவை வெடிக்கவில்லை.

அலைவாய் எழுதியது:

தேரிமணல் சொன்னதில் பாதியை நான் மறுக்கவில்லை. சார்லஸ்டனில் கடற்படை தனியாகப் போய்த் தோற்றது. தரைப்படையும் கடற்படையும் ஒரே திட்டத்தில் இறங்கிய இடங்களில் துறைமுகம் விழுந்தது. வட கரோலினாவின் வில்மிங்டன் அதற்குச் சான்று; உங்கள் ஆயிரம் வெற்றிகரமான ஓட்டங்களுக்கும் அங்கேதான் பதில் இருக்கிறது.

வில்மிங்டன் கேப் ஃபியர் ஆற்றின் உள்ளே இருபது மைலுக்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஆற்றுக்கு இரண்டு வாய். நடுவே ஒரு தீவும் கடலுக்குள் நெடுந்தூரம் நீளும் மணல்திட்டுகளும். காவல் கப்பல்கள் ஒரு வாயிலிருந்து மற்றதற்குப் போக அந்தத் திட்டுகளை முழுக்கச் சுற்ற வேண்டும். அவற்றில் புது வாய் எனப்பட்டதைக் காத்தது தெற்கின் ஃபிஷர் கோட்டை. செங்கல் இல்லை, மணலும் புல்லும். புலாஸ்கியைத் துளைத்த குண்டு இங்கே மணலில் புதைந்து போகும். இந்த வாசலில் எத்தனை கப்பல் நிறுத்தினாலும் ஓட்டை அடையாது. அதனால் வாசலையே பறிக்க வேண்டியிருந்தது.

1864 கிறிஸ்துமஸ் நேரத்தில் வடக்கின் தளபதி பென்ஜமின் பட்லர் ஒரு கப்பல் நிறைய வெடிமருந்து ஏற்றிக் கோட்டைக்கு அருகே வெடிக்க வைத்தார், மணல் அசையவில்லை. இறக்கிய படையைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஜனவரியில் ஆல்பிரட் டெர்ரி வந்தார். கடற்படைத் தலைவர் போர்ட்டரின் ஏறத்தாழ 60 கப்பல்கள் இரண்டரை நாள் சுட்டன. இம்முறை கோட்டையின் பீரங்கிகளை ஒவ்வொன்றாகக் குறிவைத்தார்கள். 15-ஆம் தேதி பிற்பகல் ஏறத்தாழ 2,000 மாலுமிகளும் கடற்படை வீரர்களும் வாளும் கைத்துப்பாக்கியுமாகக் கடற்கரை வழியே ஓடினார்கள். மணலில் மறைவில்லை, கோட்டைக்காரர்கள் எல்லோரும் அந்த மூலைக்கு ஓடிவந்து அவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். அந்த நேரத்தில் டெர்ரியின் படை ஆற்றுப் பக்கமாக உள்ளே நுழைந்தது. அதன்பின் ஒவ்வொரு மண்மேடாகக் கைகலப்பு. இரவு பத்து மணி வாக்கில் கோட்டை விழுந்தது.

செய்தி வெளியே பரவவில்லை. போர்ட்டர் கோட்டையின் சைகை விளக்குகளை வழக்கம்போல் எரியவிட்டார். சில நாளில் ஸ்டாக், சார்லட் என்ற இரண்டு கப்பல்கள் விளக்கை நம்பி உள்ளே வந்து நங்கூரமிட்டுப் பிடிபட்டன. லீயின் படைக்கு வெளிநாட்டுச் சரக்கு வந்த கடைசிப் பெரிய வழி அது. ஏப்ரல் 9 அன்று அவர் சரணடைந்தார். கிராண்ட் துரத்தியது உண்மை. துரத்தப்பட்ட படைக்கு இறைச்சியும் காலணியும் அதற்கு மூன்று மாதம் முன்பே நின்றுவிட்டன என்பதும் உண்மை.

தேரிமணல் எழுதியது:

ஃபிஷர் கோட்டையை ஏற்கிறேன், ஐயா. அப்படியானால் டெக்சாஸின் கால்வெஸ்டன்? அதைக் கடைசிவரை பறிக்கவில்லையே. போர் முடிந்தும் 1865 மே மாதம்வரை அங்கே கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. மெக்சிகோவின் மட்டமோரோஸ் வழியாகவும் வண்டி வண்டியாகப் பருத்தி போனது. உங்கள் கொள்கைப்படி அங்கே முற்றுகை தோல்விதானே?

நெய்தல்மகள் எழுதியது:

கால்வெஸ்டனை வடக்கு 1862 அக்டோபரில் பிடித்தது. ஆனால் நிறுத்திய படை மிகச் சிறியது. 1863 ஜனவரி 1 விடியற்காலையில் தெற்கின் தளபதி மக்ரூடர் பருத்திப் பொதிகளை அரணாக அடுக்கிய ஆற்றுப் படகுகளோடு வந்து திரும்பப் பறித்துக்கொண்டார். மிசிசிப்பி வடக்கின் கைக்கு வந்தபின் டெக்சாஸ் சரக்கு கிழக்கே போக வழியில்லை. அதனால் படைத்தலைவர்களுக்கு அங்கே அவசரம் இருக்கவில்லை. அலைவாய் இந்த விடையைத்தான் சொல்வார்.

அங்கே வாழ்ந்தவர்களுக்கோ கணக்கு வேறு. அதே 1863 ஜனவரி 1 அன்று போர்ட் ராயலில், ஓக் மரங்களின் அடியில் கூடியிருந்த ஆயிரக்கணக்கானோர் முன் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. அன்றே அது அவர்களுக்குச் செல்லுபடியானது, ஏனென்றால் துறைமுகத்தில் வடக்கின் கப்பல்கள் நின்றன. கால்வெஸ்டனில் வடக்கின் தளபதி கிரேஞ்சர் வந்திறங்கி அந்த ஆணையை அறிவித்தது 1865 ஜூன் 19 அன்று. இடையில் இரண்டரை ஆண்டு. தேரிமணல், அங்கே தோல்வியா என்று கேட்டீர்கள். டெக்சாஸில் அந்த இரண்டரை ஆண்டும் அடிமைகளாகவே பருத்தி எடுத்தவர்களின் பக்கமிருந்து பார்த்தால், ஆம், தோல்விதான்.